அம்மாவின் மஞ்சள் பையும் ஆபா செயலியும்

அம்மாவின் சர்க்கரை நோய்ச் சீட்டுகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில்தான் கிடந்தன. போன மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்துவிட்டது. அதன் பிறகுதான் ஆதாரை வைத்து அவருக்கு ஆபா எண் எடுத்தேன்; மருத்துவப் பதிவுகளை இணையத்தில் ஒன்றாக இணைக்க இந்திய அரசு தரும் சுகாதார அடையாள எண் அது. 14 இலக்கம், கட்டணம் இல்லை. மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் உள்ள ஆபா செயலியால் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி பதிவாகி டோக்கன் வந்துவிடுகிறது. முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க வேண்டாம் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! நாம் சம்மதித்தால்தான் மருத்துவர் பழைய பதிவுகளைப் பார்க்க முடியும்; அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் எங்கள் தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையம் இன்னும் இதில் இணையவில்லை. கேட்டால், "தாள் போதாதா அம்மா?" என்கிறார்கள். போதாது. மூன்று மாதச் சர்க்கரை அளவை நானே படமெடுத்துச் செயலியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.