மதுரை லாட்ஜ்: பின்பக்க ரூம் கேட்டு வாங்குங்க

மதுரை ஜங்ஷன்ல இறங்கி மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பக்கமா ஒரு லாட்ஜ்ல தங்குனோம், பேரு வேணாம். ரூம் சுத்தம், ஏசியும் ஓகே, ஆனா முதல் நாள் குடுத்தது ரோட்டு பக்கம், அதுவும் லிஃப்டை ஒட்டுனாப்புல, நைட்டு ஒரு மணி வரைக்கும் ஆட்டோ ஹாரன், எதிர்கடையில கொத்துபரோட்டா சத்தம், அது அடங்குனா லிஃப்ட்டு "ப்ளீஸ் க்ளோஸ் தி டோர்"னு கத்த ஆரம்பிச்சிருச்சு. காலைல ரிசப்ஷன் அண்ணன்கிட்ட சொன்னதும் மறுபேச்சு இல்லாம பின்பக்கம் நாலாவது மாடிக்கு மாத்துனாரு. ஜன்னல தொறந்தா பக்கத்து மொட்டைமாடி கொடியில காயுற துணிதான், ஃபேன் சத்தம் தவிர ஒண்ணுமில்ல. அஞ்சு மணிக்கு மீனாட்சியம்மன் நடை தொறக்கும்போதே போகணும்னு நெனச்சவன் எட்டு மணிக்குத்தான் எந்திரிச்சேன். போறவங்க முன்னாடியே போன் போட்டு பின்பக்க ரூம் கேட்டுருங்க, முகூர்த்த நாள்னா மட்டும் எந்த மாடியும் கஷ்டம்தான்.