ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர்: எஞ்சினைப் படிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்

எஞ்சின், கியர், பிரேக், ஏர்பேக் என்று இன்றைய காரில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி உண்டு. பானட்டைத் திறந்தால் பாதிப் பழுது கண்ணில் படாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (கார் தன் பழுதைத் தானே சொல்லும் இணைப்பு) செருகி, எஞ்சின் கணினி சொல்வதைப் போன் ஆப்பில் காட்டுவதுதான் இந்தக் குட்டி அடாப்டரின் வேலை.

வாங்கும்போதே கவனம் தேவை. ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். பெட்டியில் 'பதிப்பு 1.5' என்று இருக்கும். எல்ம் அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் பிக்18எஃப்25கே80 சிப் உள்ள நகல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. '2.1' என்று விற்கப்படும் நகல்கள் பலவற்றில் கட்டளைகள் குறைவு, காரிலிருந்து வரும் நீளமான பதில்கள் பாதியில் அறுந்துவிடும். எண்ணை நம்பாமல் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஐபோனுக்குச் சாதாரண ப்ளூடூத் மாடல் ஒத்துவராது. பிஎல்இ (குறைந்த மின்சக்தி ப்ளூடூத்) அல்லது வைஃபை மாடல்தான் வேண்டும்.

இக்னிஷனை அணைத்துச் செருகி, பிறகு ஆன் நிலைக்குத் திருப்பி, போனின் ப்ளூடூத்தில் 1234 அல்லது 0000 என்ற கடவு எண் கொடுத்து இணைக்கலாம். விளக்கு எரிவதால் மட்டும் எஞ்சினோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாக்கெட்டின் 16ஆம் பின்னில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும், விளக்குக்கு அது போதும். விளக்கே எரியாவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் லைட்டர் சாக்கெட்டும் இதுவும் ஒரே ஃப்யூஸில் இருக்கும். விளக்கு எரிந்தும் தொடர்பு இல்லையென்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே மின்தடையை அளக்கவும். 60 ஓம் சரி. 120 காட்டினால் கேன் லைனில் (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பி ஜோடி) ஒரு முனை அறுந்திருக்கலாம். சாக்கெட்டுக்கும் மற்றக் கணினிகளுக்கும் நடுவே கேட்வே என்ற இடைக்கணினி உள்ள கார்களில் மட்டும் இந்த அளவு மாறக்கூடும்.

இதன் உண்மையான மதிப்பு பழுதுக் கோடு (கணினி பதிந்துவைக்கும் பழுதின் குறியீடு) படிப்பதில் இல்லை, எஞ்சின் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில்தான். பி0171 என்ற கோடு வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கோடு 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று மட்டுமே சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள எஞ்சினில், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) +20 சதவீதம் காட்டி 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ காற்று கசிகிறது: வேக்குவம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் மீது சந்தேகப்படலாம். இந்த ஒரு சோதனைக்காகவே அடாப்டரை வாங்கலாம்.

பழுதுக் கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைச் (பழுது பதிவான நேரத்து அளவுகள்) சேமித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும், ரெடினஸ் மானிட்டர்களும் (கார் தன் புகைக் கட்டுப்பாட்டைச் சோதித்து முடித்ததா என்ற பதிவு) ரீசெட் ஆகும். ஓபிடி வழியாகப் புகைச் சோதனை செய்யும் நாடுகளில், சில நாள் ஓட்டி அவை முழுமையடையும் முன் போனால் திருப்பி அனுப்பப்படலாம்.

ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் பொதுவான ஆப் எதுவும் பெரிதாக உதவாது. ஓபிடி தரநிலை புகை தொடர்பானவற்றை மட்டுமே கட்டாயமாக்குகிறது. மீதிக் கணினிகள் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளோடு பேசும். புதிய கார்கள் சிலவற்றில் செக்யூர் கேட்வே (அனுமதியில்லாத கருவிகளைத் தடுக்கும் கணினி) பழுதுக் கோடை அழிக்கக்கூட விடாது. மலிவான நகலை வைத்து கோடிங் (கணினியின் அமைப்புகள்) மாற்றவோ மென்பொருள் ஏற்றவோ வேண்டவே வேண்டாம். எழுதும்போது இணைப்பு அறுந்தால் அந்தக் கணினியே முடங்கிப்போகலாம்.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே விட்டால் இக்னிஷன் அணைந்த பிறகும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். சில வாரம் ஓடாமல் நிற்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும்.