காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை: டியூட்டி டாக்டராக இரண்டு வருடம்

இங்கே சேரலாமா என்று கேட்கும் ஜூனியர்களுக்காக எழுதுகிறேன். சம்பளம் மாதம் பிறந்ததும் வந்துவிடும், அதில் குறையே இல்லை. ஆனால் இரவு டியூட்டி முடித்த கையோடு காலை ஓ.பி.யிலும் உட்கார வேண்டும், டியூட்டி ரூமில் ஃபேன் பாதி நாள் ஓடாது, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கமிருந்து நடுராத்திரியில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு இ.சி.ஜி. எடுக்கக்கூட உதவிக்கு ஆள் இருக்காது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை (வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவதை) ஒரு நோயாகச் சேர்க்கவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் வரையறுத்தது. சோர்வு, வேலைமேல் வெறுப்பு, நம்மால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், அதில் சொன்ன மூன்றும் எனக்கு வந்தன.

அப்புறம் ஏன் இரண்டு வருடம் இருந்தேன்? அங்கிருந்த சீனியர் டாக்டரால்தான். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுத்து, "நான் இருக்கேன் தம்பி, தைரியமா பண்ணு" என்பார். நர்ஸ் அக்காக்களும் தங்கமானவர்கள், விடிகாலையில் ஃபிளாஸ்க்கில் டீ வைத்திருப்பார்கள்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். சேர்வதென்றால் டியூட்டி நேரத்தையும் வார லீவையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.