சொந்த ரவுட்டரில் பி.பி.பி.ஓ.ஈ: கல்லடியில் சில வருடப் பாவனை அனுபவம்

பைபர் லைனோடு வந்த பெட்டியை பிரிட்ஜ் மோடில் (லைனை அப்படியே கடத்திவிடும் நிலை) போட்டுவிட்டு, லொகின் வேலையை ஓபன்டபிள்யூ.ஆர்.டி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய சொந்த ரவுட்டரிடம் கொடுத்துச் சில வருடமாகிறது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மேல்மாடியில் தங்கச்சி ஒன்லைன் ரியூசன் எடுக்கிறாள். வைபை பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் வான் செட்டிங்கோடு, அதாவது ரவுட்டர் வெளி இணையத்தோடு சேரும் பக்கத்தோடு, நிற்கிறேன்.

டி.எச்.சி.பி லைன் என்றால் ஐ.பி முகவரி தானாக வரும், கேபிளைச் செருகினால் சரி. ஸ்டாட்டிக் என்றால் ஐ.பி, கேட்வே, டி.என்.எஸ் எல்லாம் நாமே அடிக்கவேண்டும். எனக்கு வாய்த்தது பி.பி.பி.ஓ.ஈ. டயல்-அப் காலத்து பி.பி.பி லொகினை ஈதர்நெட்டில் ஓடவிடும் முறை, 1999இல் ஆர்.எஃப்.சி 2516 ஆக வெளிவந்தது. யூசர் நேம், பாஸ்வேர்ட், வீலான் இலக்கம் (ஒரே லைனில் சேவைகளைப் பிரிக்கும் எண்) மூன்றும் கையில் வராமல் பிரிட்ஜ் மோடுக்குப் போகவே வேண்டாம்.

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது எம்.டி.யூ, அதாவது ஒரு பக்கெட் இருக்கக்கூடிய ஆகப்பெரிய அளவு. ஈதர்நெட்டில் 1500 பைட் போகும், பி.பி.பி.ஓ.ஈ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. இது பிழைத்தால் நெட் முழுதாகப் போகாது, அதுதான் தொல்லை. பிங் போகும், வட்ஸ்அப் மெசேஜ் போகும், ஒரு பாங்க் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். பெரிய பக்கெட் நுழையாது. 'பெரிசாக இருக்கு' என்று திரும்பி வரவேண்டிய ஐ.சி.எம்.பி செய்தியை நடுவில் ஏதாவது பயர்வோல் விழுங்கிவிடும். துண்டின் அளவைக் குறைத்துவைக்கும் எம்.எஸ்.எஸ் கிளாம்பிங்கை ரவுட்டரில் ஒன் பண்ணினால் டி.சி.பி துண்டு 1452க்குள் அடங்கும். சோதிப்பது லேசு: துண்டாக்காதே என்ற ஒப்ஷனோடு 1464 பைட் பிங் போகவேண்டும், 1465 போகக்கூடாது. மற்ற 28 பைட் ஹெடருக்கு.

மாரி வந்தால் இன்னொரு கூத்து. இடி முழங்க கரண்ட் போய்விடும், ரவுட்டரும் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். வாடகைக்காரர் இரவோடு இரவாகப் போனது தெரியாத வீட்டுக்காரர் மாதிரி, கம்பனிப் பக்கத்து சேர்வர் பழைய செஷனை வைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கணக்குக்கு ஒரு செஷன்தான் என்று கட்டுப்பாடு இருந்தால், அது காலாவதியாகும்வரை புது லொகின் எடுபடாது. பெட்டி, ரவுட்டர் இரண்டையும் ஒரு மினி யூ.பி.எஸ்ஸில் கொழுவினேன், தொல்லை விட்டது.

சொந்த ரவுட்டரின் பெரிய லாபம் என்னைக் கேட்டால் லொக்தான், ரவுட்டர் நடந்ததை எழுதிவைக்கும் பதிவு. பாடோ (லொகினுக்கு சேர்வர் தரும் முதல் பதில்) வரவில்லை என்று எழுதியிருந்தால் லைனையோ வீலானையோ பார்க்கவேண்டும். ஒதென்டிகேஷன் பெயில் என்றால் பாஸ்வேர்ட், இல்லாவிட்டால் கட்டாத பில். ஹொட்லைனில் இந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினால் 'ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்க' பாட்டைக் கேட்காமல் தப்பலாம்.

பக்கத்துணைக்கு ஒரு 4ஜி பெட்டியை இரண்டாவது வானாக டி.எச்.சி.பியில் வைத்து, அதன் மெட்ரிக்கைக் (கூடினால் முன்னுரிமை குறையும்) கூட்டியிருக்கிறேன். பி.பி.பி.ஓ.ஈ விழுந்தால் அது பிடித்துக்கொள்ளும். லொகின் நின்றபடி நெட் மட்டும் செத்தால் மெட்ரிக் உதவாது, நெட் உண்மையில் வருகிறதா என்று பார்த்து லைனை மாற்றும் எம்வான்3 வேண்டும்.

காத்தான்குடியில் கடை வைத்திருக்கிற கூட்டாளி, 4ஜியில் போட்ட கமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை என்றான். வான் ஐ.பி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அது கம்பனியின் பொது என்.ஏ.டிக்குள் (பலர் ஒரே பப்ளிக் ஐ.பியைப் பங்கிடும் முறை) இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வழி திறக்கும் போர்ட் போர்வர்டும், மாறும் ஐ.பிக்கு ஒரு நிலையான பெயர் தரும் டைனமிக் டி.என்.எஸ்ஸும் அங்கே வேலைக்காகாது. ஒன்றில் பப்ளிக் ஐ.பி கேட்டு வாங்கவேண்டும், இல்லையென்றால் கமராக் கம்பனியின் கிளவுட் அப்பில் பார்க்கவேண்டும்.