சைட் க்ளோன்: வேலை மிச்சம், வாய்தான் திறக்காது

"புதுக் கிளைக்கு வைஃபை போடணும், பழைய சைட்டை அப்படியே க்ளோன் பண்ணிடலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பண்ணலாம். சைட் என்றால் வைஃபையை நிர்வகிக்கும் டாஷ்போர்டில் ஒரு கிளையின் மொத்த அமைப்பு, க்ளோன் என்றால் அதன் நகல். எஸ்எஸ்ஐடி (வைஃபையின் பெயர்), பாஸ்வேர்டு, கெஸ்ட் போர்ட்டல் (விருந்தினர் லாகின் பக்கம்), ஃபயர்வால் விதிகள், ரேடியோ ப்ரொஃபைல் எல்லாம் ஒரே க்ளிக்கில் வந்துவிடும். கையால் அடித்தால் அரை நாள் போகும், எங்கேயாவது ஓர் எழுத்தும் பிசகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எரிச்சலே வேறு. எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று நான் பயன்படுத்தும் டாஷ்போர்டு ஒரு வரி சொல்லாது. பச்சை டிக் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வரக்கூடாமல் வந்துவிடுவதில் முதலாவது சப்நெட், அதாவது அந்தக் கிளையின் கருவிகளுக்கான ஐபி முகவரித் தொகுப்பு. பழைய சைட்டில் 192.168.20.0/24 என்றால் புதியதிலும் அதுவேதான். தனித்தனியாக ஓடும்வரை தெரியாது. விபிஎன்னில் இரண்டையும் இணைக்கும் அன்று எந்த முகவரி எந்தக் கிளையில் என்று தெரியாமல் ரூட்டிங் முட்டிக்கொள்ளும். அதற்குள் பிரின்டர், கேமரா எல்லாவற்றுக்கும் நிலையான ஐபி கொடுத்து முடித்திருப்பார்கள். ஆகவே ஒரு ஆக்சஸ் பாயின்டைக்கூட (வைஃபை பரப்பும் கருவி) சேர்க்கும் முன் சப்நெட்டை மாற்றிவிடுங்கள். கையோடு டைம் சோனையும். பழைய சைட்டின் அதிகாலை 2 மணி, 8 மணி நேரம் முந்தியிருக்கும் கிளையில் காலை 10. இரவுக்கென்று குறித்து வைத்த ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) அப்டேட் அப்போதுதான் கிளம்பும்.

ஆக்சஸ் பாயின்டின் நிலையான ஐபி, கையால் பூட்டிய சேனல், ஸ்விட்ச் போர்ட் அமைப்பு இவையெல்லாம் வராது. கருவியோடு ஒட்டியவை என்பதால் அது நியாயம்தான். ஆனால் எஸ்எஸ்ஐடி வீலான் 30-இல் (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) வந்து நிற்க, ட்ரங்க் போர்ட்டில் (பல வீலான்களைச் சுமக்கும் ஸ்விட்ச் போர்ட்) 30 டேக் ஆகாமல் இருந்தால் ஐபோனுக்கோ லேப்டாப்புக்கோ டிஹெச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் வசதி) கிடைக்காது, தானே போட்டுக்கொண்ட 169.254 என்று தொடங்கும் ஐபியோடு உட்கார்ந்திருக்கும். "வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரல" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஆளை வதைப்பது ரேடியஸ், அதாவது வைஃபைக்குள் வருபவர் யார் என்று சரிபார்க்கும் சர்வர். டாஷ்போர்டு பக்கம் சர்வர் ஐபி, 1812 போர்ட், ஷேர்டு சீக்ரெட் (இரு பக்கமும் வைத்திருக்கும் ரகசியச் சொல்) எல்லாம் சரியாக வந்திருக்கும். கோரிக்கை அனுப்ப அனுமதி உள்ள கருவிகளைக் குறித்த சர்வரின் க்ளையன்ட் பட்டியலில்தான் புது ஆக்சஸ் பாயின்டுகளின் ஐபி இருக்காது. தெரியாத முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை ரேடியஸ் மறுப்பதுகூட இல்லை, பதிலே சொல்லாமல் கைவிட்டுவிடும். இந்தப் பக்கம் டைம்அவுட் மட்டுமே தெரிவதால், எல்லோரும் சான்றிதழையும் பாஸ்வேர்டையும் குடைந்துகொண்டிருப்பார்கள். விண்டோஸ் என்பிஎஸ் (மைக்ரோசாஃப்டின் ரேடியஸ் சர்வர்) என்றால் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 13-ஆம் எண்ணைத் தேடுங்கள். எந்த ஐபி என்று அதிலேயே இருக்கும். புதுக் கிளையில் ஆக்சஸ் பாயின்டுகள் இருக்கும் மேனேஜ்மென்ட் சப்நெட்டையே க்ளையன்டாகச் சேர்த்துவிட்டால், அடுத்தடுத்து ஆக்சஸ் பாயின்ட் மாட்டும்போது இந்தத் தொல்லை வராது.

இன்னொன்று, க்ளோன் என்பது அந்த நேரத்து நகல் மட்டுமே. நாளை பழைய சைட்டில் பாஸ்வேர்டை மாற்றினால் புதியதில் மாறாது. மூன்று நான்கு கிளை வரப்போகிறது என்றால் எல்லாக் கிளையும் ஒரே அமைப்பைப் பகிரும் டெம்ப்ளேட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரு தப்பு செய்தால் எல்லாக் கிளைக்கும் சேர்ந்தே போகும், அது தனிக் கதை.

அடுத்த கிளைக்கும் நான் க்ளோனைத்தான் அழுத்துவேன். மதிப்பெண் மட்டும் 5-க்கு 2. விட்டுப்போனதைப் பட்டியல் போட்டுக் காட்டட்டும், அப்புறம் ஏற்றுகிறேன்.