சிவனொளிபாத மலை ஏறும் முன்: ஹட்டனா, மஸ்கெலியாவா, நல்லதண்ணியா?

இலங்கையின் சிவனொளிபாத மலை ஏறப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, முந்தின நாள் எங்கே தங்கலாம் என்பதைத்தான். மலையடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணியில் தங்குங்கள், ஆனால் வாங்க வேண்டியதை ஹட்டனிலேயே வாங்கிவிடுங்கள்.

ஹட்டன் பெரிய டவுன். ரயில் நிலையம், வங்கி, மருந்துக்கடை, நல்ல சாப்பாட்டுக்கடை எல்லாம் உண்டு. கம்பளித் தொப்பியும் டோர்ச் பற்றரியும் அங்கே வாங்குவதே மலிவு. குறை தூரம்தான். மலையடிவாரத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிச் சுற்றிப் போகும் ரோடு. முதல் தடவை நான் ஹட்டனில் தங்கி, இரவு 11 மணிக்கு பஸ் ஏறினேன். கண்மூட முடியவில்லை. ஏறும்போது கால் நகரவே இல்லை, பாதி வழியிலேயே கிழக்கு வெளுத்துவிட்டது. உச்சியில் சூரிய உதயம் பார்க்காத அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

மஸ்கெலியா தங்குவதற்கு அல்ல, பகலில் இறங்கிப் பார்ப்பதற்கு. மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வெயில் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

நல்லதண்ணியில் விலை கூடத்தான், அறைகளும் சின்னவை. ஆனால் பின்னேரம் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, 2 மணிக்கு எழும்பிக் கதவைத் திறந்தால் பாதை எதிரிலேயே இருக்கிறது. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் பௌர்ணமி வரை சீசன். அப்போது வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், 2,243 மீட்டர் உச்சிவரை படிக்கட்டு விளக்குகள் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். கொஞ்ச தூரத்தில் சீத கங்குல ஓடை. அந்தத் தண்ணீரை முகத்தில் அடித்தால் மிச்சமிருக்கும் தூக்கமும் ஓடிவிடும். அப்புறம் 5,000க்கும் மேற்பட்ட படிகள். சீசன் இல்லாத நாளில் பாதை விளக்கும் இல்லை, கடைகளும் இல்லை, மழையும் அட்டையும்தான். தனியாகப் போக வேண்டாம்.

நல்லதண்ணியில் தங்க இன்னொரு காரணமும் உண்டு. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் ஆடும். காலை 9, 10 மணிக்கு அப்படி இறங்கி வருகிறவருக்கு, பஸ்ஸில் இடம் தேடி அலையாமல் பக்கத்து அறையில் காலை நீட்டி, இஞ்சி போட்ட பிளேன்டி ஒன்று குடிக்கலாம்.