வருடக்கணக்காகத் தேதி கேட்கிற கேமரா

போன மாதம் அக்கா மகள் ஒரு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "மாமா, இது வாங்கலாமா?" என்று கேட்டாள். பார்த்தால், என் மேசை டிராயரில் கிடக்கிற அதே கேமரா. அது சிவப்பு, என்னுடையது வெள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். விலை 8,500 ரூபாய். 2010 தீபாவளிக்கு நான் புதுசாக, பில்லோடும் பையோடும் 4 ஜிபி கார்டோடும் வாங்கியபோது கொடுத்தது 7,990.

"வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். "ஏன்?" என்றாள். அந்த ஏனுக்குத்தான் இவ்வளவு நீளம்.

10 மெகாபிக்செல், 3 மடங்கு ஜூம், சட்டைப் பையில் அடங்குகிற அளவு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த வருடம் அந்த விலைக்கு வந்த எல்லாமே ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பிதான். நான் சொல்ல வருவது தேதியைப் பற்றி.

இந்த மாதிரி கேமராக்களில் நாம் கழற்றி மாட்டுகிற பேட்டரி போக, உள்ளே போர்டில் இன்னொரு குட்டி பேட்டரி உண்டு. கடிகாரத்தை ஓட விடுவது மட்டும்தான் அதன் வேலை. பெரிய பேட்டரியிலிருந்து அது தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரியதைக் கழற்றி வைத்தாலும் மூன்று வாரம் வரை தேதியை மறக்காது என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. முதல் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. 2013 வாக்கில் அந்தக் குட்டி பேட்டரி செத்தது. அன்றிலிருந்து, சார்ஜ் போடுவதற்காகப் பெரிய பேட்டரியை ஒரு நிமிடம் வெளியே எடுத்தாலும் போச்சு. திருப்பிப் போட்டு ஆன் செய்தால் 01.01.2009, 12:00 ஏஎம் என்று வந்து நிற்கும்.

மாற்றிக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது? வருடத்துக்கு மேல்நோக்கிய பட்டனை இப்போதெல்லாம் பதினைந்து தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாம் தனித்தனி. அழுத்திப் பிடித்தால் எண்கள் வேகமாக ஓடும், ஓடி நமக்கு வேண்டியதைத் தாண்டிப் போகும். கீழ்நோக்கி அழுத்தினால் 00-க்கு அடுத்து 59 வரும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் கேக்கில் மெழுகுவர்த்தி அணைந்திருக்கும், மாப்பிள்ளை தாலி கட்டி முடித்திருப்பார். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று 'ஓகே'யை அழுத்திவிட்டுப் படம் எடுக்க ஆரம்பிப்பேன்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2011-ல். மகள் பிறந்தது 2013-ல். அவளுடைய மொட்டைப் படங்கள், காதுகுத்துப் படங்கள், முதல் நாள் பள்ளிக்கூடப் படம் எல்லாமே போனுக்கு மாற்றினால் கேலரியின் அடியாழத்தில், 2009 ஜனவரியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அந்த கேமராவே என்னிடம் இல்லாத வருடம் அது. "கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்குப் பொண்ணு இருந்திருக்கே" என்று வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஒரு தடவை கஷ்டப்பட்டுத் தேதியைச் சரியாகப் போட்டேன், பகல் 12-க்கு ஏஎம் என்று விட்டுவிட்டேன். அந்தக் கணக்குப்படி என் மைத்துனர் மகனுக்கு நள்ளிரவில் மொட்டை போட்டிருக்கிறோம்.

ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்ட வழி ஒன்று உண்டு. தேதி போட நேரமில்லையா, விட்டுவிடுங்கள். கேமராவை ஆன் செய்ததும் முதல் படமாக உங்கள் போனின் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்குள் உண்மையான நேரம் தெரியும், கேமரா நினைத்துக்கொண்டிருக்கிற நேரம் கோப்பில் பதிந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் அன்றைய படங்கள் மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். இடையில் பேட்டரியைக் கழற்றியிருக்கக் கூடாது. கழற்றினால் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் பாவம். இதே கேமரா எனக்குத் தந்த ஒரு விஷயத்தை, இதைவிட ஏழு மடங்கு விலை கொடுத்து வாங்கிய போன் இன்று வரை தரவில்லை.

மகளுக்குக் காதுகுத்து எங்கள் குலசாமி கோயிலில், அருப்புக்கோட்டைப் பக்கம். சித்திரை மாதம், உச்சி வெயில். வேப்பமரத்தடி நிழலில் மச்சான் மடியில் குழந்தை. பின்னால் வெள்ளையாக எரிகிற பொட்டல். கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு, மொத்தப் படத்தையும் இருட்டடித்தது. எங்கள் குடும்பத்தில் எல்லாருமே நல்ல கறுப்பு. முதல் பத்துப் படங்களில் பல்லும் சந்தனமும் மட்டும்தான் தெரிகின்றன. பிறகு கேமராவை ஒரு வாண்டு பிடுங்கிக்கொண்டு போய் எதையோ அழுத்திவிட்டுத் திருப்பித் தந்தது. அடுத்த படத்துக்கு, அந்தக் கொளுத்துகிற வெயிலில், ஃபிளாஷ் அடித்தது. பக்கத்தில் இருந்த பெரியப்பா, "பட்டப்பகல்ல எதுக்குடா லைட்டு?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆசாரி ஊசியை எடுக்கிற கணம். மச்சானின் கன்னத்தில் வேர்வை, குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்த கோடுகள், கண்ணில் குட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி. பின்னால் பொட்டலும் நீல வானமும் கெடாமல் அப்படியே இருக்கின்றன.

காரணம் பிறகுதான் புரிந்தது. லென்ஸ் மாற்றுகிற பெரிய எஸ்எல்ஆர் கேமராக்களில், வெளிச்சத்துக்குத் திறந்து மூடுகிற ஷட்டர் ஒரு திரை மாதிரி, படத்தைப் பதிகிற சென்சாரின் முன்னால் ஓடும். அதனால் நொடியில் 200-ல் ஒரு பங்கு, 250-ல் ஒரு பங்கு என்ற வேகத்தைத் தாண்டினால் சாதாரண ஃபிளாஷ் ஒத்துப்போகாது. இந்தக் குட்டி கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வெயிலுக்குத் தேவையான வேகத்திலும் ஃபிளாஷ் முழுதாகப் படத்தில் விழும். போனில் இருப்பது எல்இடி விளக்கு. கரண்ட் போனால் சாவித் துவாரம் தேடலாம், உச்சி வெயிலுக்கு அது எம்மாத்திரம்? மூன்று மீட்டருக்குள் நிற்கிற ஆளுக்கு, வெயிலில், ஃபிளாஷைக் கட்டாயமாக 'ஆன்' செய்து எடுத்துப் பாருங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் வெளிச்சம் போதும் என்று அது சும்மா இருந்துவிடும்.

இதைச் சொன்னதும் அக்கா மகளுக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் 128 ஜிபி கார்டோடு. போட்டோம். கார்டு எரர். இந்த கேமரா ஏற்பது 32 ஜிபி வரைக்கும்தான், எஸ்டிஹெச்சி என்று அந்தக் கார்டிலேயே அச்சடித்திருக்கும். அதற்கு மேல் போனால் கார்டின் வகையும் வேறு, உள்ளே எழுதுகிற முறையும் வேறு. இதற்குப் புரியாது. எனக்கு என் பழைய 4 ஜிபியே ஆயிரம் படத்துக்கு மேல் தாங்குகிறது. ஆனால் முதலில் அதுவும் வேலை செய்யவில்லை. 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்றது. கார்டின் ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்குமே, அது கீழே இறங்கியிருந்தது. "கார்டுக்கெல்லாம் பூட்டா மாமா?" என்றாள்.

ஆனால் அவள் ரொம்ப நேரம் தடுமாறியது ஷட்டர் பட்டனில்தான். போனில் பழகிய விரல், தொட்டால் படம் விழுந்துவிடும் என்று நம்புகிறது. இதில் பட்டனைப் பாதி அழுத்தி நிற்க வேண்டும். பீப் பீப் என்று இரண்டு தடவை கத்தும், பச்சைக் கட்டம் வரும், அப்புறம்தான் மீதிப் பாதி. அவளோ ஒரே குத்தாகக் குத்தினாள். பின்னால் இருந்த காலண்டரில் ராகு காலம் எம கண்டம் எல்லாம் படிக்கிற தெளிவில் விழுந்திருந்தது. முன்னால் நின்ற என் மகள் மட்டும் புகை மாதிரி தெரிந்தாள். "பழைய கேமரா, அதான் இப்படி" என்றாள். வாங்கி, பாதி அழுத்தி நிறுத்தி எடுத்துக் காட்டினேன். மகளின் புருவ முடியை எண்ணலாம். அரை மணி நேரம் வெறும் பாதி அழுத்தம் மட்டுமே பழக்கினேன், கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கிளட்ச் பழக்குகிற மாதிரி.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. டிஜிட்டல் ஜூமை அணைத்து வை, அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். வீட்டுக்குள் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்கிற எண்ணை, 200-க்கு மேல் போக விடாதே, முகத்தில் மணல் தூவின மாதிரி வரும். கண் சிவக்காமல் இருக்க முன்கூட்டியே ஒரு விளக்கு எரியும், அதையும் அணைத்துவிடு. அந்த விளக்கைப் பார்த்ததும் படம் எடுத்தாயிற்று என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் எழுந்து போய்விடுகிறார்கள், பந்தி வேறு காத்திருக்கிறது. பூ படம் போட்ட பட்டன் பக்கத்துப் பொருளுக்கு. தஞ்சாவூர் பெரிய கோயிலை ஒரு நாள் முழுக்க அந்தப் பூவிலேயே எடுத்துவிட்டு வந்தவன் சொல்கிறேன், வேலை முடிந்ததும் மறக்காமல் மாற்று.

'சிசிடி கலர்' என்று ஒன்று சொன்னாள். அதற்காகத்தான் இப்போது எல்லாரும் பழைய கேமராவைத் தேடுகிறார்களாம். சிசிடி என்பது அந்தக் காலத்து கேமராக்களில் இருந்த ஒரு வகைச் சென்சார், இதில் இருப்பதும் அதுதான். ஆனால் நிறத்தை முடிவு செய்வதில் சென்சாருக்கு மேலே இருக்கிற வடிகட்டிக்கும், உள்ளே படத்தைச் சமைக்கிற சிப்புக்கும் பெரிய பங்கு உண்டு. சிசிடிக்கே உரிய சொத்து என்று நான் கண்ணால் பார்த்தது, வீடியோவில் பளிச்சென்ற விளக்கு வந்தால் மேலிருந்து கீழாக விழுகிற ஒரு ஊதாக் கோடு. காட்டினேன். "சூப்பரா இருக்கே" என்றாள். இவர்களிடம் என்ன பேசுவது?

வாங்காதே என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் ரிப்பேர். ஜூனில் திருச்செந்தூர் கடற்கரையில் லென்ஸுக்குள் மணல் போய்விட்டது. ஆன் செய்தால் லென்ஸ் பாதி நீண்டு, கர் என்று பல்லைக் கடித்து, அப்படியே நின்று அணைந்துவிடும். பொறுமை இழந்து கையால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் உடையும் என்று தெரியும், அதனால் தொடவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடையில், "இதெல்லாம் இப்போ யார் சார் பாக்குறா" என்றார்கள். ஐந்தாவதாக, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்தார். எள்ளு சைஸ் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காந்தத் தகட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். பிரஷ்ஷால் தட்டியபோது வெள்ளைத் தாளில் இரண்டே இரண்டு மணல் விழுந்தது. 600 ரூபாய்.

திறந்ததுதான் திறந்தீர்கள், அந்தத் தேதி பேட்டரியையும் மாற்றிவிடுங்களேன் என்று கேட்டேன். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது போர்டோட சாலிடர் பண்ணது சார். மாத்திடுவேன், ஆனா சூட்டுல போர்டு போச்சுன்னா எங்கிட்ட வரக் கூடாது. தேதிதானே, போன்ல பாத்துக்கலாமே."

அவரை மாதிரி ஆள் இன்னும் எத்தனை வருடம் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே இருப்பார்? 2010-ல் உலகம் முழுக்கச் சேர்த்து ஜப்பானியக் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடி. 2023-ல் பெரிய கேமராவையும் சேர்த்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. பழசுக்கு லென்ஸ் உடைந்தால் இன்னொரு பழசை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கடையில் கிடைக்கிற போலி பேட்டரிகளில் ஒன்று எனக்கு அப்பளம் மாதிரி உப்பி, உள்ளேயே சிக்கிக்கொண்டது. இதற்கு 8,500 கொடுக்கிறவளை நான் எப்படி வாங்கு என்று சொல்வேன்? வாங்காதே. என்னுடையதை யாராவது விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இரவல் கொடுத்தேன். கல்லூரியில் கொடைக்கானல் டூர் போகிறார்களாம். அவள் கண் முன்னாலேயே வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாம் சரியாகப் போட்டு, பிஎம் என்று இரண்டு தடவை பார்த்து, "பேட்டரியைத் தயவுசெய்து கழற்றாதே, மூன்று நாளைக்குத் தாங்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் இரவு படங்கள் வந்தன. பாதி அழுத்தம் பழகிவிட்டாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. தூண் பாறை முன்னால் மதிய வெயிலில் தோழிகள் எல்லாரும் ஃபிளாஷில் பளிச்சென்று இருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் ஆரஞ்சு எழுத்தில் 01.01.2009. படத்திலேயே தேதி அச்சாகிற வசதியை எங்கிருந்தோ தேடி ஆன் செய்திருக்கிறாள். இந்த கேமராவில் அது அஞ்சலட்டை அளவில் எடுத்தால்தான் வரும். 10 மெகாபிக்செல் 2 ஆகிவிட்டது, படத்திலேயே பதிந்துவிட்ட அந்த எழுத்தை எக்ஸிஃப்டூலாலும் எடுக்க முடியாது.

கூப்பிட்டு, பேட்டரியைக் கழற்றினாயா என்று கேட்டேன்.

"சார்ஜ் போட வேணாமா மாமா? தேதி கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன். 2009-னு வருது பாருங்க, எல்லாரும் கேக்குறாங்க எப்படிப் போட்டேன்னு."

வியாழக்கிழமை கொண்டு வந்து தருகிறாளாம். இழுப்பறையில் வைக்கும்போது பேட்டரியைத் தனியாகக் கழற்றித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் உப்பிவிடும்.